மேகத்தைப் பார்த்துவிட்டு எடுத்த சீட்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் எங்கள் வீட்டு நாள்காட்டியை நான்தான் பாழாக்கினேன். முடிந்துபோன மாதங்களின் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மூன்று ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாரத்தில் டிசைன் வகுப்பு எத்தனை மணி நேரம், கட்டுமானப் பாடம் எத்தனை மணி நேரம், பட்டறை இருக்கிறதா, கான்கிரீட்டை உடைத்துப் பார்க்கும் லேப் இருக்கிறதா, அந்த லேபுக்குள் முதல் வருடப் பிள்ளைகளை விடுவார்களா. எல்லாம் செல்போனில் பி.டி.எஃப். இறக்கிப் படித்து எடுத்தவை. ஒரு கல்லூரியின் பாடத்திட்டம் இருநூறு பக்கத்துக்கு மேல். நான் அதை ஒரே மத்தியானத்தில் படித்தேன். எனக்கு எதையும் ஆறப்போட்டுச் செய்யத் தெரியாது.

"ஜாதகம் பாக்கறா பாரு, காலேஜுக்கு" என்றார் அப்பா. "பத்துல எட்டு பொருத்தம் இருந்தா முடிச்சுடும்மா. ரொம்பப் பாத்தா மாப்பிள்ளையே கெடைக்க மாட்டான்."

அப்பாவுக்கு உப்பு ஏற்றும் லாரியில் டிரைவர் வேலை. அம்மா மரக்காணத்து உப்பளத்தில் தினக்கூலி. ஆர்க்கிடெக்சர் என்றால் என்னவென்று இருவருக்கும் நான் பலமுறை சொல்லியிருந்தேன். அம்மா அதை "வீடு படம் போடற படிப்பு" என்று சுருக்கி அளத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சுருக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. படம் மட்டும் போடத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருமுறை நன்றாகவே உறைத்திருந்தது.

அம்மா வேலை செய்யும் அளத்தின் நடுவே தொழிலாளர்கள் ஓய்வெடுக்க என்று ஒரு கான்கிரீட் கொட்டகை கட்டியிருந்தார்கள். நான் ஆறாவது படிக்கும்போது அது புதிது. பத்தாவது வருவதற்குள் கூரையின் அடிப்பக்கம் வெடித்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. காற்றிலும் உப்பு, மண்ணிலும் உப்பு, கலந்த தண்ணீரிலும் உப்பு இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பெயர்ந்து விழுந்த துண்டு ஒருவருடைய சாப்பாட்டுத் தூக்கை நசுக்கியது. அதற்குப் பிறகு யாரும் உள்ளே போவதில்லை. கொட்டகைக்கு வெளியே, அதன் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெயில் நகர்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களும் நகர்வார்கள்.

நான் அந்தக் கொட்டகைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வரைந்தேன். கிளிஞ்சலைக் கவிழ்த்தது போன்ற கூரை, கடல் பக்கம் திறந்த வளைவுகள், உள்ளே நீளமான மேடை. வாட்டர் கலரெல்லாம் அடித்து எடுத்துக்கொண்டு போய் அம்மாவோடு வேலை செய்கிற பெண்களிடம் காட்டினேன். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஓர் அக்கா, "நல்லாத்தான் கீது. இது எத்தினி வருஷத்துல தலையில விழும்னு சொல்லிடு, அதுக்குள்ள சாப்ட்டு எழுந்துடறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.  அந்தக் கூரை எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், உள்ளே கம்பி எங்கே போகும், உப்பு உள்ளே இறங்காமல் எப்படித் தடுப்பது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஓவியத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் இடம். கற்பனை செய்யவும் விடவேண்டும், செய்ததை நிற்கவைக்கவும் சொல்லித்தரவேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் நாள்காட்டித் தாள்களெல்லாம் தீர்ந்தன.

மூன்றையும் நேரில் பார்த்தோம். அப்பா சரக்கு இறக்கப் போகும் வழியில் என்னை ஏற்றிக்கொள்வார். அவருடைய கணக்கில் எந்த இடத்துக்கும் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நாங்கள் ஆறரை மணிக்கு வாசலில் நின்றோம். "ஆபீஸ் ஒம்பது மணிக்குத்தான் சார்" என்று மூன்று வாட்ச்மேன்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக் கல்லூரி பார்க்க அழகாக இருந்தது. கூரையிலிருந்து மாணவர்கள் செய்த மாதிரிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். காகிதம், மூங்கில் குச்சி, கம்பி வலை. காற்றடித்தால் ஒரு ஊரே ஆடுவது போலிருக்கும். லேப் எங்கே என்று கேட்டேன். ஒரு சீனியர் பையன் யோசித்துவிட்டு, "பிரிண்டர் லேபா?" என்றான்.

திண்டிவனத்துக்கு மேற்கே இருந்த கல்லூரி இதற்கு நேரெதிர். இன்ஜினியரிங் கல்லூரியின் ஒரு மாடியை ஆர்க்கிடெக்சருக்கு ஒதுக்கியிருந்தார்கள். கான்கிரீட் கட்டிகளை நசுக்கும் இயந்திரம் இருந்தது. மண் பரிசோதனை இருந்தது. ஆனால் டிசைன் வகுப்புச் சுவரில் முப்பது பேர் வரைந்த முப்பது வீடுகளும் ஒரே வீடு. ஜன்னல்கூட ஒரே இடத்தில். "சார் ஒண்ணு வரைஞ்சு காமிப்பாரு, அத எடுத்துப்போம்" என்றாள் அங்கே படிக்கும் பெண், அதில் தவறு ஒன்றும் இல்லாதது போல.

சென்னைக் கல்லூரியைப் பார்த்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். முற்றத்தில் செங்கல் வளைவுகள் வரிசையாக நின்றன. சில முழுசாக, சில நடுவில் விரிசலோடு, இரண்டு மூன்று இடிந்து குவியலாக. விரிசல்களின் ஓரத்தில் சாக்பீஸால் எடை குறித்திருந்தார்கள். காலையிலேயே ஒரு மாணவி அங்கே குந்தி உட்கார்ந்து குவியலிலிருந்து செங்கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா, இடிஞ்சு போச்சா?" என்று அப்பா பரிதாபப்பட்டார்.

"இடிச்சோம் அங்கிள். எவ்ளோ வெயிட்டுல விழுதுன்னு பாத்துட்டு, அப்புறம்தான் டிசைன மாத்துவோம். இது என் மூணாவது."

 லாரியில் ஏறியதும் அப்பா, "இங்கயே சேந்துடு" என்றார். எட்டுப் பொருத்தம் கேட்டவருக்கே பத்தும் தெரிந்துவிட்டது.

ஆனால் மதிப்பெண் தெரிந்தபோது அந்தக் கல்லூரி எனக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது. முந்தைய வருடம் அங்கே கடைசியாகச் சேர்ந்தவரைவிட நான் ஒரு துளி கீழே. வரலாம், வராமலும் போகலாம். கவுன்சலிங் பட்டியலில் சென்னையை முதலில் போட்டேன். இரண்டாவதாக எதைப் போடுவது என்று இரண்டு நாள் சண்டை, எனக்கும் எனக்கும்தான். கடைசியில் கடற்கரைச் சாலையை இரண்டாவதாகவும் திண்டிவனத்தை மூன்றாவதாகவும் போட்டேன். கணக்கைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம், கற்பனையை அப்படிப் படிக்க முடியாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் தவறு என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

முதல் சுற்றில் இரண்டாவதாகப் போட்டது கிடைத்தது. ஆகஸ்டு மாதம் அது. மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நெட் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் கிடைத்த கல்லூரியிலேயே சேர்ந்துவிடலாம், அதோடு முடிந்தது. இன்னொன்றை அழுத்தினால் கிடைத்தது கையில் இருக்கும், அடுத்த சுற்றில் மேலே போட்ட கல்லூரியில் இடம் காலியானால் அங்கே மாற்றுவார்கள். காலியாகாவிட்டால் பழையதே. இதைக் கவுன்சலிங் புத்தகத்தில் மூன்று முறை படித்திருந்தேன். இரண்டாவது பொத்தானில் இழப்பு ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். வீட்டில் கேட்காமல் எதை அழுத்தவும் பயமாக இருந்தது.

"எதுன்னு சொல்லும்மா, பின்னால ரெண்டு பேரு நிக்குறாங்க" என்றார் கடைக்காரர்.

அப்பா போனை எடுக்கவில்லை. லாரி ஓட்டும்போது எடுக்கமாட்டார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அளத்துக்குப் போனேன்.

அளத்தில் அன்று யாரும் நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது. அளத்து வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பாத்தியில் கட்டிய கடல்தண்ணீர் வெயிலில் வற்றி உப்பாக உறையும். உறைந்ததை உடனே வாரமாட்டார்கள். இன்னும் சில நாள் விட்டால் கல் பருக்கும், பருத்த உப்புக்குத்தான் மதிப்பு. ஆனால் மேகம் திரண்டால் அந்தப் பேச்சே கிடையாது. அரைகுறையாக விளைந்திருந்தாலும் அப்போதே பலகை போட்டு வாரி, வரப்பில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். ஒரு மழை போதும், அத்தனை நாள் வெயிலும் தண்ணீராகக் கரைந்துவிடும். இதற்கு யாரும் கூட்டம் போட்டு யோசிப்பதில்லை. மேலே பார்ப்பார்கள், பலகையை எடுப்பார்கள்.

அம்மா முழங்கால்வரை புடவையைச் செருகிக்கொண்டு வாரிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, சீட் வந்துடுச்சு!"

"எங்க?"

"ஈ.சி.ஆர். காலேஜு. ரெண்டாவதா போட்டேன்ல, அது."

"வந்துடுச்சுல்ல? அப்புறம் என்னா, போயி எடு."

"இரும்மா. ரெண்டு பட்டன் இருக்குது. சேந்துடறேன்னும் அழுத்தலாம், சென்னை கெடைக்கிறவரைக்கும் காத்திருக்கேன்னும் அழுத்தலாம்."

அம்மா நிமிரவில்லை. பலகை உப்பை இழுக்கும் சத்தம் நிற்கவில்லை. "காத்துக்கினு இருந்தா, கையில கெடச்சது போயிடுமா?"

"போவாதுன்னுதான் போட்டிருக்காங்க."

"யாரு போட்டிருக்கான்? நியூஸ்லகூடத்தான் இன்னிக்கு மழ இல்லன்னு போட்டான். மேல பாரு."

மேலே பார்த்தேன். அதற்குள் வரப்பிலிருந்து மேஸ்திரி கத்தினார். "ஏம்மா, ஆத்தாளும் மவளும் அப்புறமா கொஞ்சிக்கலாம். வாருங்க, வாருங்க!"

அம்மா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் வியர்வை, கண் பாதி மூடியிருந்தது. "வெளஞ்ச வரைக்கும் போதும். வாரிடு" என்றாள்.

சீட்டைச் சொன்னாளா, கையிலிருந்த வேலையைச் சொன்னாளா என்றெல்லாம் நான் குழம்பவில்லை. அவள் எனக்குத்தான் சொன்னாள். எனக்கும் அது அந்த நிமிடம் சரியாகத்தான் பட்டது. சுற்றிலும் இருபது பேர் அரைகுறை உப்பை ஓடி ஓடி வாரிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, நான் மட்டும் கல் பருக்கட்டும் என்று காத்திருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எனக்கு அவசரம். எந்தக் கல்லூரி என்று தெரியாமல் இன்னும் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அம்மா சொன்னது என் அவசரத்துக்கு வசதியாக இருந்தது. ஓடிப்போய் முதல் பொத்தானை அழுத்தினேன். ஓ.டி.பி. வந்தது, போட்டேன். முடிந்தது.

அன்று மழை நாலு தூறலோடு நின்றுவிட்டது. மேகம் கடலுக்குப் போய்விட்டது. வாரிய உப்பு பொடிப்பொடியாக வரப்பில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை. அளத்தில் மழையில் கரைந்ததுதான் நஷ்டம். முன்கூட்டியே வாரியதால் பருக்காமல் போனதை யாரும் நஷ்டம் என்று நினைப்பதேயில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வுக்குப் புதுச்சேரியில் என்னோடு பயிற்சிக்கு வந்த பெண் அனுப்பியது. அந்தச் செங்கல் வளைவுகளுக்கு முன்னால் நின்று எடுத்த படம். கீழே, "எனக்கு ரெண்டாவது ரவுண்டுல மாறிடுச்சுடி! நீ எங்க? உனக்கு என்னவிட மார்க் ஜாஸ்தியாச்சே, உனக்குத்தானே முதல்ல வந்திருக்கணும்?"

நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பிறகு ஒரு கைதட்டும் பொம்மையை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் மதிப்பெண் எனக்குத் தெரியும். என்னைவிடக் குறைவுதான். அந்த இடம் காலியாகி, பட்டியலில் இறங்கி வந்து, என் பெயர் இருந்திருக்க வேண்டிய வரியைத் தாண்டி அவளிடம் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து, காலில் இருந்த உப்பு வெடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, என் கல்லூரிக்கு வாங்கவேண்டியவற்றைக் கேட்டாள். பெரிய வரைபலகை, டி ஸ்கேல், கத்தி, அட்டை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கல்லூரி மோசம் என்று சொல்லமாட்டேன். டிசைன் வகுப்பில் நான் பறந்தேன். ஆனால் கட்டுமானப் பாடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் சனிக்கிழமை மட்டும் வருவார். வந்தால் ஸ்லைடைப் படிப்பார், வராவிட்டால் ஸ்லைடை அனுப்புவார். புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனே, படித்தேன். கம்பி எங்கே போகும் என்று புத்தகம் சொல்லும். நீ வரைந்த கூரையில் எங்கே போகும் என்று சொல்லாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் இடித்துப் பார்க்க ஒரு முற்றமாவது வேண்டும். முதல் வருட இறுதி மதிப்பீட்டில் என்னுடைய மாதிரியைச் சுற்றி நின்று மூன்று பேர் பாராட்டினார்கள். கூரை காற்றில் மிதக்கிறது என்றார் ஒருவர்.

"இது நிக்குமா சார்?" என்று கேட்டேன்.

"அத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்துப்பாரும்மா. நீ மிதக்க வைக்கறதப் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மதிப்பெண் போட்டார்கள். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மடியில் அந்த மாதிரியை வைத்திருந்தேன். கூனிமேடு தாண்டும்போது ஒரு வேகத்தடையில் கூரை கழன்று விழுந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

அம்மாவுக்கோ என் சீட் பெரிய பெருமை. அளத்தில் யார் பிள்ளை பன்னிரண்டு முடித்தாலும் அம்மாவிடம்தான் வருவார்கள். "எம்பொண்ணு மாதிரி டக்குனு எடுத்துடணும். காத்துக்கினு இருந்ததுங்கள்லாம் இன்னும் காத்துக்கினுதான் இருக்குதுங்க." இதைச் சொல்லும்போது அவள் குரலில் மேஸ்திரியின் அதிகாரம்கூட வந்துவிடும். வருடம் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம் செருப்பைத் தேடுவது போல ஏதாவது செய்துகொண்டு எழுந்து போய்விடுவேன்.

இந்த ஆகஸ்டில் எழுந்து போக முடியவில்லை. அம்மாவோடு வேலை செய்யும் ஒரு அக்காவின் மகள் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் ஆர்க்கிடெக்சர்தான். நான் அளத்துக்குக் கொண்டுபோன அந்தக் கிளிஞ்சல் கூரைப் படத்தைச் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளும் பார்த்திருக்கிறாளாம். முதல் சுற்றில் அவளுக்குத் திண்டிவனத்துக் கல்லூரி கிடைத்திருந்தது. அதற்கு மேலே சென்னையைப் போட்டிருந்தாள். எதை அழுத்துவது என்று கேட்க வந்திருந்தாள். ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும்.

அம்மா பின்வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே பதில் சொன்னாள். "இதுல கேக்க என்னா இருக்குது? எடுத்துடு. உங்கக்காவும் அப்படித்தான். மேகம் கட்டிச்சு, வந்து கேட்டா, எடுன்னு சொன்னேன், எடுத்தா. இப்ப பாரு, ரெண்டாவது வருஷம் போறா."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னாக்கா சொல்ற?" என்றாள்.

முப்பது வீடும் ஒரே வீடாகத் தொங்கிய சுவர் எனக்கு நினைவு வந்தது. இந்தப் பெண் அங்கே போய் முப்பத்தொன்றாவது வீட்டை வரைவாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போகாமல் இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை அம்மாவின் காதிலும் விழும். அம்மா படிக்காதவள், முட்டாள் இல்லை. இவள் காத்திருக்கலாம் என்றால் அன்று நானும் காத்திருந்திருக்கலாம் என்று கணக்குப் போட அவளுக்கு அரை நிமிடம் ஆகாது.

"ரெண்டாவது பட்டன அழுத்து" என்றேன். "கையில இருக்கறது போவாது. மேல வந்தா மாறும், வரலன்னா இதுவே."

மீன் சட்டியில் தண்ணீர் சத்தம் நின்றது.

"போவாதா?" என்றாள் அம்மா.

"போவாதும்மா."

அம்மா செதில் ஒட்டிய கையோடு உள்ளே வந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இது எப்ப வந்த ரூலு? இந்த வருஷமா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வழியை அவளே திறந்து வைத்திருந்தாள். தெரிந்து திறந்தாளா, தெரியாமலா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமாம்மா. இந்த வருஷம்தான் கொண்டாந்தாங்க."

அம்மா மெதுவாக மூச்சு விட்டாள். "அதானே பாத்தேன். அன்னிக்கே இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே, காத்திருன்னு."

"தெரியும்மா."

அவள் மறுபடி மீனிடம் போனாள். தண்ணீர் சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்தப் பெண் கையிலிருந்த கவுன்சலிங் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நான் கொடுத்தது, என்னுடைய பழைய புத்தகம். பக்கங்களில் நான் பேனாவால் அடிக்கோடு போட்ட இடங்கள் இருந்தன. இரண்டு பொத்தான்கள் பற்றிய பக்கத்தில் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வாசல்படியில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதுல போன வருஷமே..." என்று ஆரம்பித்தாள்.

"சீக்கிரம் போ" என்றேன். "அஞ்சு மணிக்கு மூடிடுவான்."